ஒற்றைக்கை முடிச்சு

நான் முதன்முதலில் கற்றுக்கொண்ட சப்பாத்துக் கயிற்று முடிச்சு ஊரில் யாரும் போடாத முடிச்சு என்பது ஒன்றாம் ஆண்டில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கோத்தா திங்கியில் ஒரு தமிழ்ப்பள்ளி. எல்லாருக்கும் வெள்ளைக் கேன்வஸ் சப்பாத்து. மற்ற பிள்ளைகளின் சப்பாத்தில் கயிறு குறுக்கும் நெடுக்கும் ஓடி, மேலே வண்ணத்துப்பூச்சி மாதிரி இரண்டு காதுகளோடு நிற்கும். என்னுடையதில் காதே இருக்காது. ஒரே கயிறு கீழிருந்து மேலே படிக்கட்டு மாதிரி ஏறி எங்கேயோ மறைந்துபோகும்.

"டேய், யாருடா உனக்கு இப்படிக் கட்டி விட்டது?" என்று பக்கத்து மேசைப் பையன் கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் தாத்தாவிடம், "உங்களுக்குக் கட்டவே தெரியல தாத்தா" என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. "ஆமாய்யா, அம்மாகிட்ட கேட்டுப் பழகிக்க" என்றார்.

தாத்தாவுக்கு இடது முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடை வரைதான் கை. நான் பிறந்ததிலிருந்து அவரை அப்படியே பார்த்ததால் அதில் விசேஷமாக எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. முடிச்சையும் அந்தக் கையையும் சேர்த்து யோசிக்கும் வயதும் அது இல்லை.

உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் முடித்துவிட்டு, இப்போது பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பாதுகாப்புப் பயிற்சி. திரையில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகளின் படம். அவை ஒன்றையொன்று தொடும் இடத்தில் சிவப்பு வட்டம். அந்த இடம் கையைப் பிடித்தால் விடாது, உள்ளே இழுத்துக்கொண்டே போகும் என்றார் பயிற்சியாளர். எனக்குத் தாத்தாவின் ஞாபகம் வந்தது. அவர் கை போனதும் அப்படிப்பட்ட இரண்டு உருளைகளுக்கு நடுவில்தான். வருஷம் 1964. இடம் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் பால் ஸ்டோர்.

இப்போது கோத்தா திங்கிப் பக்கம் காரில் போனால் இரண்டு பக்கமும் செம்பனைதான். பால்மரம் வெட்டிய தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு ரப்பர் பாளம் எப்படித் தயாரானது என்றே தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். காலையில் எடுத்த பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் ஊற்றித் தட்டுகளில் உறைய வைப்பார்கள். உறைந்த கட்டி வெள்ளையாக, மெதுவாக, வழுக்கிக்கொண்டு இருக்கும். அதை வழவழப்பான உருளைகளுக்கு நடுவே பல தடவை விட்டுத் தண்ணீரைப் பிழிவார்கள். கடைசியாக வரி போட்ட உருளை. அதற்குப் பிறகு புகைக் கொட்டகை. கட்டியை உருளைக்குள் தள்ளுவது மனிதக் கைதான். ஈரக்கை, ஈர ரப்பர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உருளையின் விட்டம் 10 சென்டிமீட்டர், நிமிடத்துக்கு 30 சுற்று என்று வைத்துக்கொண்டால், அதன் மேற்பரப்பு வினாடிக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் நகரும். விரல்நுனி மாட்டினால் முன்கையின் பாதி உள்ளே போக இரண்டு வினாடி. "ஐயோ" என்று கத்தி, இன்னொருவர் ஓடிவந்து மோட்டாரை நிறுத்த அந்த நேரம் போதாது. இயந்திரங்களின் ஆபத்தான பகுதிகளுக்குத் தடுப்பு வேண்டும் என்று சொன்ன மலேசியத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 1967-ல்தான் வந்தது. தாத்தாவின் கைக்கு மூன்று வருஷம் தாமதம்.

போன கைக்கு என்ன விலை? இதற்குச் சட்டத்தில் பட்டியலே உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையை முதல் தடவை படித்தபோது, கசாப்புக் கடையின் விலைப்பலகையைப் பார்ப்பதுபோல இருந்தது. வலது கை முழங்கையிலோ அதற்கு மேலோ போனால் சம்பாதிக்கும் சக்தியில் 70 சதவீத இழப்பு. இடது கை என்றால் 60. முழங்கைக்குக் கீழே வலது 60, இடது 50. கட்டைவிரல் 25. ஆள்காட்டி விரல் 10. பிறகு 1962-ல் இந்தியாவில் அட்டவணையைத் திருத்தினார்கள். வலது, இடது என்ற பேதம் போனது. அதற்குப் பதிலாக அங்குலம் வந்தது. முழங்கை எலும்பின் நுனியிலிருந்து நாலரை அங்குலம் என்பது ஒரு எல்லைக்கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சதவீதம், அந்தப் பக்கம் வேறு சதவீதம்.

மலாயாவில் 1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. முதலாளி ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்வார். மாதாமாதம் பணம் தரும் சொக்சோ, 1969-ல் சட்டமாகி 1971-ல்தான் செயல்படத் தொடங்கியது. அதிலும் தாத்தா இல்லை. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சொக்சோவுக்குள் வந்தது 2019 ஜனவரியில். அதாவது இன்றைக்கு அதே உருளை முன்னால் நிற்கும் வங்காளதேசத்து அண்ணனுக்கு, தாத்தாவுக்குக் கிடைக்காதது கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

இந்தச் சட்டங்களை நான் குறைசொல்லவில்லை. அவை இல்லாத காலம் இன்னும் மோசம். ஆனால் எல்லா அட்டவணையும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது: இந்த ஆள் இனிமேல் எவ்வளவு சம்பாதிப்பான்? காலையில் எழுந்து சட்டைப் பொத்தானை எப்படிப் போடுவான், சோற்றுத் தட்டு நகராமல் எப்படிச் சாப்பிடுவான், சப்பாத்துக் கயிற்றை எப்படிக் கட்டுவான் என்ற கேள்விகள் அங்கே இல்லை. மரம் வெட்ட இரண்டு கை வேண்டும். வேலை இல்லையென்றால் தோட்டத்து வீடும் இல்லை. அதனால் தாத்தா ஜாகா வேலைக்குப் போனார். சட்டத்தின் கணக்கில் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது.

தமிழில் கை இழந்தவர் என்றதும் முதலில் நினைவுக்கு வருபவர் பொற்கைப் பாண்டியன். சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் வருகிறார். கீரந்தையின் வீட்டுக் கதவைத் தட்டிய தவறுக்காகத் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டவர். பொன்னால் கை செய்து வைத்துக்கொண்டதால் அந்தப் பெயர் என்பார்கள். பள்ளியில் படித்தபோது நீதி தவறாத மன்னன் என்று மட்டும் எழுதி மதிப்பெண் வாங்கினேன். பொன் கை எதையும் பிடிக்காது என்று இப்போதுதான் தோன்றுகிறது. அரசனுக்குச் செருப்பு வார் கட்டிவிட ஆள் இருந்திருக்கும்.

பிடிக்கக்கூடிய கையைச் செய்தவர்களில் ஒருவர் அமெரிக்கத் தொழிலாளி. கலிபோர்னியாவைச் சேர்ந்த டேவிட் டோரன்ஸ் 1909-ல் மரம் அறுக்கும் ஆலை விபத்தில் வலது கையை இழந்தார். அவருக்குக் கிடைத்த செயற்கைக் கைகள் எதற்கும் உதவாததால் தானே ஒன்றைச் செய்து 1912-ல் காப்புரிமை வாங்கினார். இரண்டாகப் பிளந்த ஒரு கொக்கி. தோளை அசைத்தால் கம்பி இழுத்துத் திறக்கும். தளர்த்தினால் மூடிக்கொள்ளும். அதை மூட வைப்பது எது தெரியுமா? ரப்பர் பட்டை. ஒரு பட்டைக்கு ஏறக்குறைய ஒரு பவுண்டு பிடி. இன்னும் வலுவான பிடி வேண்டுமென்றால் இன்னொரு பட்டை போட வேண்டியதுதான். நூறு வருஷம் தாண்டியும் அதே வடிவம் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது.

தாத்தாவிடமும் அப்படி ஒரு கொக்கி இருந்தது. அலமாரி மேலே பிஸ்கட் டின்னில் கிடக்கும். அதன் ரப்பர் பட்டைகள் காய்ந்து வெடித்திருந்தன. தோள்வார் வேர்வையில் அறுக்குதென்று அவர் அதை எப்போதோ கழற்றி வைத்துவிட்டார். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து வெள்ளத்தில் மூழ்கியபோது அந்த டின், இழப்பீட்டுத் தாள்கள், பாட்டியின் கல்யாணப் படம் எல்லாம் போயின. கையைப் பறித்ததும் ரப்பர், கொக்கிக்குப் பிடி கொடுத்ததும் ரப்பர் என்பதை அவரிடம் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

சப்பாத்து விஷயத்திலும் ரப்பர் முன்னமே வந்துவிட்டது. லண்டனில் தாமஸ் ஹான்காக் 1820-ல் வாங்கிய காப்புரிமையே கையுறை, சப்பாத்து, காலுறை போன்றவற்றுக்கான ரப்பர் இழுவைப் பட்டைகளுக்குத்தான். 1837-ல் ஸ்பார்க்ஸ் ஹால் என்ற சப்பாத்து வியாபாரி விக்டோரியா மகாராணிக்குப் பக்கவாட்டில் இழுவைப் பட்டை வைத்த பூட்ஸ் செய்து கொடுத்தார். கயிறே இல்லாத சப்பாத்து மகாராணிக்குக் கிடைத்து 167 வருஷம் கழித்து, தாத்தா என் பள்ளிச் சப்பாத்துக் கயிற்றோடு ஒற்றைக் கையால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அந்த முடிச்சை இப்போது புரிந்துகொண்டேன். சாதாரண முடிச்சுக்கு இரண்டு நுனிகளை ஒரே நேரத்தில் எதிரெதிராக இழுக்க வேண்டும். ஒற்றைக்கையில் அது நடக்காது. அதனால் ஒரு நுனியில் பெரிதாக முடிச்சுப் போட்டுக் கீழ்த் துளையில் மாட்டிவிட வேண்டும். அது நகராது. மீதிக் கயிறு இடம் வலமாக மேலே ஏறும். ஒவ்வொரு துளையிலும் கயிறு அரைச் சுற்று திரும்புகிறது. உராய்வுக் கெழு 0.3 என்றால் ஒரு திருப்பத்தில் இழுவிசை இரண்டரை மடங்கு குறையும். மூன்று துளை தாண்டினால் ஏறக்குறைய 17-ல் ஒரு பங்குதான் மிச்சம். ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டில் கண்ட சூத்திரம். ஆகவே மேல் நுனியைக் கட்டவே வேண்டாம், செருகினால் போதும். ஆனால் அதே உராய்வால், மேலிருந்து ஒரே இழுப்பில் இறுக்கவும் முடியாது. கீழிருந்து ஒவ்வொரு படியாக விரலால் நெம்பி இறுக்க வேண்டும். நேரம் பிடிக்கும். தாத்தா அந்தச் சூத்திரத்தைப் படித்ததில்லை. தினமும் போட்டுக் காட்டினார்.

தாத்தா 2016-ல் தவறிவிட்டார். போன மாதம் இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு என் பாதுகாப்பு பூட்ஸில் அதைக் கட்டிப் பார்த்தேன். முதல் காலுக்கே இருபது நிமிடம் ஆனது. கடைசி நுனி மட்டும் நடக்கும்போது வெளியே வந்துகொண்டே இருந்தது. அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி இல்லப்பா. மேல் ரெண்டு வரிக்கு அடியில, ரெண்டு தடவ விட்டு இழுப்பாரு."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எனக்கும் அவர்தானே கட்டி விட்டாரு. உனக்கு மட்டும் என்ன, விடியக்காலை அஞ்சரைக்கு எனக்கு ஃபேக்டரி பஸ் வந்துரும். வீட்டுல வேற யாரு இருந்தா?"

இரண்டு தடவை விட்டு இழுத்தேன். நின்றது. அன்றைக்கு அந்த பூட்ஸோடுதான் வேலைக்குப் போனேன். யாரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கழற்றும்வரை அவிழவும் இல்லை.