கிட்டார் பாடக் கற்றுக்கொண்ட கதை

வெளியூரில் இருக்கும் நம்மவர் வீடுகளில் ஒரு காலத்தில் வீணையோ வயலினோ இருக்கும். இப்போது போய்ப் பார்த்தால் ஹால் மூலையில் ஒரு கிட்டார் சாய்ந்திருக்கிறது. இங்கே கொல்கத்தாவில் எனக்குத் தெரிந்த பல தமிழ் வீடுகளில் பையனோ பெண்ணோ கிட்டார் கற்றுக்கொள்கிறார்கள். அப்படி ஒரு பையனின் அப்பா போன மாதம் கேட்டார்: "சார், இவன் மெஷின் கன் மாதிரி வாசிக்கிறான். ஆனா ஒரு இடத்துலயும் மனசு நிக்க மாட்டேங்குது. ஏன் சார்?"

எனக்கு வாசிக்கத் தெரியாது. பி.காம் படித்துவிட்டு வங்கியில் கணக்குப் பார்ப்பவன். முப்பது வருடமாகக் கேட்பவன், அவ்வளவுதான். ஆனால் அவர் கேள்விக்குப் பதில் எலெக்ட்ரிக் கிட்டாரின் சரித்திரத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு அடிப்படைச் சமாச்சாரம். மனிதக் குரலோடு ஒப்பிட்டால் கிட்டாருக்கு இரண்டு குறை. ஒன்று, மீட்டிய உடனே ஸ்வரம் தேய ஆரம்பித்துவிடும். இரண்டு, ஃப்ரெட் கம்பிகள் ஸ்வரங்களைப் படிக்கட்டு மாதிரி பிரித்து வைத்திருக்கின்றன. குரலோ வழுக்கிக்கொண்டு போகும். நம் வீணைக்காரர்கள் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து கமகம் கொடுத்து இதைச் சமாளித்தார்கள். இங்கே பழைய பெங்காலி வீடுகளில் ஹவாயன் கிட்டாரை மடியில் கிடத்தி, இரும்புத் துண்டால் கம்பிமேல் தேய்த்து ரவீந்திர சங்கீதம் வாசிப்பார்கள். அதுவும் படிக்கட்டைத் தாண்டும் வழிதான். லீட் கிட்டாரின் கதை முழுக்க இந்த இரண்டு குறையோடு நடந்த மல்லுக்கட்டு.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக்குப் போவோம். 1930 வாக்கில் அங்கே ராபர்ட் ஜான்சன் என்று ஒரு இளைஞர். சன் ஹவுஸ் போன்ற பெரிய ப்ளூஸ் கலைஞர்கள் கச்சேரி நடுவே ஓய்வெடுக்கும்போது, இவர் அவர்களுடைய கிட்டாரை எடுத்து வாசிப்பாராம். கூட்டம் முகம் சுளிக்கும். சன் ஹவுஸ் இவரைத் திட்டியிருக்கிறார். பையன் ஊரை விட்டுக் காணாமல் போனார். திரும்பி வந்து வாசித்தபோது திட்டியவரே வாயடைத்துப் போனார். சைத்தானிடம் ஆன்மாவை விற்று வித்தை வாங்கினார் என்று ஊர் கதை கட்டியது. இன்றைக்கும் அது உலவுகிறது. நடந்தது வேறு. ஹேஸல்ஹர்ஸ்ட் என்ற ஊர்ப்பக்கம் ஐக் ஸிம்மர்மன் என்பவரிடம் தங்கிக் கற்றுக்கொண்டார். இரவில் ஆள் நடமாட்டம் இல்லாத கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து இருவரும் பயிற்சி செய்ததாக ஸிம்மர்மன் குடும்பத்தார் பின்னாளில் சொன்னார்கள். 1936, 1937 இரண்டு வருடங்களிலும் சேர்த்து 29 பாடல்களைப் பதிவு செய்துவிட்டு, 1938-ல் 27 வயதில் இறந்துபோனார்.

இந்தக் கதையில் சைத்தானைத் தள்ளிவிட்டுப் பாருங்கள், மிச்சம் மூன்று இருக்கும். முகத்துக்கு நேராகக் குறை சொன்ன ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்து திருத்திய ஒருவர். நடுவில் ராத்திரி ராத்திரியாகப் பயிற்சி.

அடுத்து பி.பி. கிங். 1925-ல் பிறந்த இவரும் மிசிசிப்பிக்காரர்தான். 1946-ல் மெம்ஃபிஸ் நகரத்துக்குப் போய் உறவினர் புக்கா ஒயிட் வீட்டில் தங்கினார். புக்கா ஒயிட் ஸ்லைடு வாசிப்பதில் மன்னர். கம்பிமேல் உலோகத்தை வழுக்கவிட்டு அழ வைப்பார். கிங்குக்கு அது கையில் வரவேயில்லை. ஆனால் காதில் அந்த ஓசை உட்கார்ந்துவிட்டது. ஸ்லைடு இல்லாமல் அதே ஓசையைக் கொண்டுவர இடது கை விரலைக் கம்பிமேல் ஊன்றி மணிக்கட்டை வேகமாக அசைத்துப் பார்த்தார். அப்படிப் பிறந்ததுதான் பி.பி. கிங் வைப்ரேட்டோ. ஒரே ஒரு ஸ்வரம் கேட்டாலே "இது கிங்" என்று சொல்லிவிடலாம். வராத ஒன்றைத் துரத்திப் போய் வேறொன்றைக் கண்டுபிடித்தார். அதற்குக் கையைவிடக் காதுதான் பெரிதாக வேலை செய்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். ஒரே நேரத்தில் பாடிக்கொண்டே வாசிக்க அவருக்கு வராது. ஒரு வரி பாடுவார், நிறுத்துவார், கிட்டார் பதில் சொல்லும். 1964 நவம்பரில் சிகாகோவின் ரீகல் தியேட்டரில் பதிவான கச்சேரி 1965-ல் இசைத்தட்டாக வந்தது. கிடைத்தால் கேளுங்கள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கூட்டம் கூவுகிறது, அந்தக் கூவலுக்கு ஏற்ப அவர் அடுத்ததை வாசிக்கிறார். ரசிகர்களும் சேர்ந்து செய்த இசை அது.

கடல் தாண்டி இங்கிலாந்து. 1945-ல் பிறந்த எரிக் கிளாப்டனுக்கு இளவயதில் மிசிசிப்பியும் கிடையாது, கல்லறைத் தோட்டத்து குருவும் கிடையாது. (வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகள் நிலைமை மாதிரிதான்.) இருந்தது அமெரிக்க இசைத்தட்டுகளும் ஒரு கிரண்டிக் டேப் ரிகார்டரும். தட்டைக் கேட்பார், வாசிப்பார், தான் வாசித்ததை டேப்பில் பதிந்து திரும்பக் கேட்பார். தட்டில் இருப்பது போல வரும்வரை மறுபடியும் மறுபடியும். வங்கி பாஷையில் சொன்னால் தினசரி ரிகன்சிலியேஷன். நம் புத்தகமும் அவர்கள் புத்தகமும் ஒத்துப்போகும்வரை எழுந்திருக்கக் கூடாது. 1966-ல் ஜான் மேயாலோடு அவர் வாசித்த 'ப்ளூஸ் பிரேக்கர்ஸ்' இசைத்தட்டு வந்தது. மேடையில் வைக்கும் அதே சத்தத்தில்தான் ஆம்ப்ளிஃபையர் இருக்க வேண்டும் என்று ஸ்டுடியோவிலும் பிடிவாதம் பிடித்தார். அந்தச் சத்தத்தில் ஆம்ப் கரகரத்தது, ஸ்வரம் தேயாமல் நீண்டது.

இங்கேதான் பின்னூட்டம் என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் வருகிறது. கல்யாண வீட்டு மைக் திடீரென்று 'கூ' என்று ஊளையிடுமே, அதற்கும் ஃபீட்பேக் என்றுதான் பெயர். கிட்டாரில் எப்படி என்றால், கம்பி அதிர்கிறது, பிக்கப் அதை மின்சாரமாக்குகிறது, ஸ்பீக்கர் சத்தமாக்குகிறது. அந்தச் சத்தம் காற்று வழியாக வந்து அதே கம்பியை மறுபடி அதிர வைக்கிறது. ஸ்வரம் சாகாது. 1964-ல் பீட்டில்ஸ் 'ஐ ஃபீல் ஃபைன்' பாட்டின் ஆரம்பத்தில் இதை வைத்தார்கள். இதையே ஒரு பாஷையாக மாற்றியவர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். ஸ்பீக்கரிலிருந்து எவ்வளவு தூரம், உடம்பை எந்தப் பக்கம் திருப்புவது, எந்தக் கம்பியை விடுவது, எதை அமுக்குவது எல்லாம் அவருக்குக் கணக்கு. கேட்பவர்களுக்கு வெறி பிடித்த மாதிரி தெரியும். உள்ளே இருந்தது கட்டுப்பாடு.

அவரும் ஒரே நாளில் வரவில்லை. 1961-ல் ராணுவத்தில் இருந்தபோது முகாம் கிளப்பில் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். மழைக்கு வெளியே ஒதுங்கிய பில்லி காக்ஸ் என்ற சக வீரர் அதைக் கேட்டு உள்ளே வந்தார். இருவரும் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தார்கள். பிறகு சில வருடம் ஐஸ்லி பிரதர்ஸ், லிட்டில் ரிச்சர்ட் போன்றவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்த காலம். 1966 செப்டம்பரில் லண்டன் போனார், உலகம் திரும்பிப் பார்த்தது. 1969 ஆகஸ்ட் 18 காலை உட்ஸ்டாக் மேடையில் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்து, நடுவே கிட்டாரை குண்டு விழுவது போல அலற வைத்தாரே, அன்று பக்கத்தில் பாஸ் கிட்டாரோடு நின்றவர் அதே பில்லி காக்ஸ்தான். முகாமில் முதலில் காது கொடுத்தவர், எட்டு வருடம் கழித்து மேடையிலும் கூட நின்றார்.

பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் செய்ததைக் கேட்டால் நம் ஆடிட்டர்கள் சந்தோஷப்படுவார்கள். 1979-ல் வந்த 'கம்ஃபர்ட்டபிளி நம்ப்' பாட்டின் முடிவில் வரும் தனி வாசிப்புக்காக ஐந்தாறு தடவை வாசித்துப் பதிவு செய்தார். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கேட்டு, தாளில் கட்டம் போட்டு, பிரமாதமான இடத்துக்கு இரண்டு டிக், நன்றாக இருந்தால் ஒரு டிக், சரியில்லை என்றால் பெருக்கல் குறி. நல்ல துண்டுகளைக் கோத்ததுதான் நாம் கேட்பது. கேட்டால் ஒரே மூச்சில் உருகி வாசித்தது போல இருக்கும்!

கடைசியாக நம்மோடு நேரடித் தொடர்புள்ளவர், ஜான் மெக்லாக்லின். 1970களின் ஆரம்பத்தில் உலகின் அதிவேக கிட்டார்காரர்களில் ஒருவர் என்று பெயர் வாங்கியிருந்தார். அந்த உச்சியில் இருந்தபோது அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் மாணவராக உட்கார்ந்து வீணை கற்றார். வீணையில் மெட்டுகள் உயரமாக நிற்பதால் விரல் மரத்தில் இடிக்காது, தந்தியைத் தாராளமாக இழுக்கலாம். அதேபோல ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிட்டாரை இவர் செய்வித்துக்கொண்டார். எல். சங்கர், ஜாகிர் உசேன், நம்ம விக்கு விநாயக்ராமோடு அவர் அமைத்த சக்தி குழுவின் முதல் இசைத்தட்டு 1976-ல் வந்தது. அரை நூற்றாண்டு நெருங்கும்போது, புதியவர்களையும் சேர்த்துக்கொண்ட அதே குழு 2024-ல் கிராமி வாங்கியது.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அவர் பையன் தினம் இரண்டு மணி நேரம் வாசிக்கிறான். ஆனால் ஃபிளாட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாசிக்கிறான். வீடியோவைப் பார்த்துக் கற்கிறான். வீடியோ இவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் வாசிப்பை உலகத்தில் ஒருவரும் கேட்டதில்லை, அவன் உட்பட. வாசிக்கும்போது மனசு விரலில் இருக்கும், காதில் இருக்காது. வேகம் தனியாக வரும். பாவத்துக்கு யாராவது கேட்க வேண்டும்.

நண்பரிடம் மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, போனில் ஒரு நிமிடம் பதிவு செய்து மறுநாள் கேட்கச் சொல்லுங்கள். அன்றைக்கே கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு, கம்பியைத் தள்ளி வளைக்கும்போது எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிய வேண்டும். ஏழாவது ஃப்ரெட்டில் வளைத்து ஒரு முழு ஸ்வரம் ஏற்றுவதானால், முதலில் அதே கம்பியில் ஒன்பதாவது ஃப்ரெட்டை மீட்டிக் கேட்கட்டும், பிறகு அந்த இடத்துக்கே வளைக்கட்டும். மெதுவாக, வேகமே வேண்டாம். பல பேருடைய வாசிப்பு ஒட்டாமல் போவது இந்த ஒரு இடத்தில் கொஞ்சம் குறைவதால்தான். மூன்று, வாரத்தில் ஒரு நாள் ஹெட்ஃபோனைக் கழற்றச் சொல்லிவிட்டு நீங்கள் எதிரில் உட்காருங்கள்.

"எனக்கு சங்கீதம் ஒண்ணும் தெரியாதே சார், நான் என்னத்தைச் சொல்ல?" என்றார்.

ரீகல் தியேட்டரில் கூவிய சனங்கள் யாரும் சங்கீத பரீட்சை எழுதிவிட்டு வரவில்லை. எங்கே மனசு நின்றது, எங்கே நிற்கவில்லை என்று மட்டும் சொன்னால் போதும். தாத்தா பாட்டி, அத்தை மாமா என்று கேட்பதற்கு ஆள் நிறைந்த வீட்டை ஊரில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். இங்கே அந்தப் பிள்ளைக்கு இருக்கும் சபை நாம் இரண்டு பேர்தான்.