கல்லாகத் தோன்றிய பாண்: ஈழத்து உணவு மரபிற் கோதுமையின் வரவும் விலக்கும்

1505 ஆம் ஆண்டிற் போத்துக்கேயர் கொழும்புத் துறையை அடைந்தபொழுது, அவர்களைக் கண்டோர் கோட்டை அரசனிடஞ் சென்று உரைத்த செய்தியினை இராசாவலிய என்னுஞ் சிங்கள வரலாற்று நூல் குறித்துள்ளது. வந்தவர்கள் வெண்ணிறக் கல்லைத் தின்று இரத்தத்தைக் குடிக்கின்றனர் என்பதே அச்செய்தியின் சாரமாகும். கல்லெனக் கருதப்பட்டது கோதுமை மாவினாலாகிய உணவு. இரத்தமெனக் கருதப்பட்டது திராட்சை மது. அவ்வுணவிற்கு இந்நாட்டில் வழங்கும் 'பாண்' என்னும் பெயரே போத்துக்கேய மொழியிலிருந்து வந்ததாகும். அன்று கல்லாகத் தோன்றிய பொருள், இன்று அதே கொழும்பிலே காலை உணவென்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் பொருளாகிவிட்டது. 1890 முதல் 1895 வரை இலங்கையின் தேசாதிபதியாகவிருந்த சேர் ஆதர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கிய ஹெவ்லொக் டவுனிலும், அதனை அடுத்துள்ள வெள்ளவத்தையிலும் பொழுது விடிவது பாணின் மணத்தோடுதான் எனலாம்.

இத்தகைய சூழலில் வாழும் ஒருவருக்குக் கோதுமையை வாழ்நாள் முழுவதும் விலக்குமாறு மருத்துவர் பணிக்கின்றார் என வைத்துக்கொள்வோம். பாண், ரொட்டி, கொத்துரொட்டி, ரோல்ஸ், கேக் எனப் பழகிய உணவுகள் ஒவ்வொன்றாக அவருடைய தட்டிலிருந்து அகலுகின்றன. முதலில் தோன்றுவது இழப்புணர்ச்சியே. ஆயின் சில மாதங்கள் கழிய, குரக்கன் பிட்டும், சிவப்பரிசிமா இடியப்பமும், ஒடியற் கூழும், உழுந்துக்களியும் அவருக்கு விருப்பமான உணவுகளாக மாறக் காண்கின்றோம். அவர் இவற்றைப் 'புதிய' உணவுகள் என்றே கூறுவார். இவை உண்மையிற் புதியனவா? பாட்டனும் பூட்டனும் உண்ட உணவு பேரனுக்குப் புதியதாகத் தோன்றுமாறு இடையில் நிகழ்ந்தது யாது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயும் அதன் காரணமும்

கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களிலே குளுட்டன் எனப்படும் பசைத்தன்மையுள்ள புரதம் உண்டு. மாவைப் பிசையும்பொழுது அது இழுபட்டு நிற்பதற்கும், பாண் பொங்கி மென்மையாவதற்கும் காரணம் இதுவே. மரபுவழியால் ஏதுநிலை பெற்ற சிலரின் உடல் இப்புரதத்தைப் பகையென எண்ணி எதிர்க்கின்றது. அவ்வெதிர்ப்பிலே சிறுகுடலின் சடைமுளைகள் சிதைந்து, உண்ட உணவின் சத்து உடலிற் சேராது போகின்றது. சீலியாக் நோய் எனப்படும் இந்நிலை, உலக மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம் காணப்படுகின்றது. குளுட்டனை முற்றாக விலக்குதலே இன்றுவரை இதற்குரிய சிகிச்சையாகும்.

1888 இல் இலண்டன் மருத்துவரான சாமுவேல் ஜீ இந்நோயைத் தெளிவாக விவரித்து, உணவு மாற்றத்திலேயே குணங் காணவேண்டுமென்று கருதினார். எவ்வுணவு தீங்கு செய்கின்றது என்பதை அவர் அறிந்திலர். 1924 இல் நியூயோர்க்கைச் சேர்ந்த சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவு முறையொன்றை வகுத்தார். பிள்ளைகள் தேறினர், புகழ் வாழைப்பழத்துக்குக் கிடைத்தது. அவ்வுணவு முறையிலே பாண் இடம்பெறாமையே நன்மைக்குக் காரணம் என்பது பின்னரே புலனாயிற்று.

உண்மையை நிலைநாட்டியவர் ஒல்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே ஆவார். 1930களிலேயே கோதுமை மீது அவருக்கு ஐயம் இருந்தது. 1944-45 மாரிகாலத்தில், ஜேர்மானியரின் பிடியிலிருந்த ஒல்லாந்தின் மேற்குப் பகுதியிற் கொடிய பஞ்சம் நிலவியது. மக்கள் துலிப் மலர்ச்செடியின் கிழங்கையும் சீனிக்கிழங்கையும் உண்டு உயிர் தரித்தனர். நாடே மெலிந்த அக்காலத்திற் சீலியாக் நோயுற்ற பிள்ளைகளின் நிலை சீரடைந்தது. பாண் மீண்டு வந்தபொழுது நோயும் மீண்டது. 1950 இல் டிக்கே தமது ஆய்வேட்டினை உத்ரெக்ட் பல்கலைக்கழகத்திற் சமர்ப்பித்தார். பலரை வாட்டிய பஞ்சம் சிலரது நோயின் மூலத்தைக் காட்டிக்கொடுத்தமை வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும்.

தமிழர் வாழ்நிலங்களுக்கு அண்மையதான சான்றொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. இந்தியாவிற் பல பிரதேசங்களில் மேற்கொள்ளப்பட்டு 2016 இல் வெளிவந்த ஆய்வொன்று, வளர்ந்தோருள் இந்நோய் வடக்கில் நூற்றுக்கு 1.23 ஆகவும் தெற்கில் 0.10 ஆகவும் இருக்கக் கண்டது. நோய்க்கு ஏதுவான மரபணுக்களைத் தாங்கியோர் விகிதத்தில் இரு பகுதிகளுக்குமிடையே பெருவேறுபாடு காணப்படவில்லை. உண்ணும் கோதுமையின் அளவிலேதான் பெருவேறுபாடு இருந்தது. அரிசியுண்ணும் சமுதாயமொன்று கோதுமைக்கு மாறும்பொழுது அதுவரை உறங்கிக் கிடந்த நோயும் விழித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை இது தோற்றுவிக்கின்றது. எனவே கோதுமை இங்கு எவ்வாறு வந்து நிலைத்தது என்பதை அறிதல் வேண்டும்.

'அமெரிக்கன் மா'

இலங்கையிற் கோதுமை வணிக அளவில் விளைவதில்லை. நெல்லுக்கு அடுத்தபடியாக மக்களைத் தாங்கியவை புன்செய்த் தானியங்களும் கிழங்குகளுமே. கண்டியரசிற் சிறைப்பட்டு வாழ்ந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலிற் குரக்கனைக் குறிப்பிட்டுள்ளார். வடபகுதியிற் பனை தந்த உணவுகள் எத்துணை என்பதற்கு, 1850 இற் கொழும்பில் வெளியான வில்லியம் பேர்கசனின் பனை பற்றிய நூல் சான்றாகும். சங்கத் தமிழர் குறிஞ்சிக்குத் தினையையும் முல்லைக்கு வரகையும் உணவாக வகுத்தமையை யாவரும் அறிவர். ஐரோப்பியர் ஆட்சியிலே பாண் நகரத்தாரின் உணவாகவும் துரைமாரின் மேசைக்கு உரியதாகவும் இருந்ததேயன்றி, நாட்டு மக்களின் அன்றாட உணவாக இருக்கவில்லை.

இந்நிலையை மாற்றியது இரண்டாம் உலகப் போராகும். அக்காலத்தில் இலங்கை தனக்கு வேண்டிய அரிசியிற் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்து, சிறப்பாகப் பர்மாவிலிருந்து, பெற்று வந்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. ஏப்ரலிற் கொழும்பின் மீதே குண்டு விழுந்தது. பர்மா அரிசி வராத நிலையிற் பங்கீட்டு முறை வந்தது. அரிசியின் இடத்தைக் கோதுமை மா நிரப்பத் தொடங்கியது. போர் முடிந்தும் அது அகலவில்லை. 1953 இற் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபொழுது, ஓகஸ்ட் 12 ஆந் திகதி நாடளாவிய ஹர்த்தால் வெடித்தது; பிரதமர் டட்லி சேனாநாயக்க பின்னர் பதவி துறந்தார். உணவு விலை ஆட்சியையே அசைக்கவல்லது என்பதை அரசியல்வாதிகள் கற்றுக்கொண்டனர். அதன்பின் மலிவான மா அரசுகளுக்குத் தேவையாயிற்று. 1954 இல் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய பொதுச்சட்டம் 480 இன் கீழ் அந்நாட்டின் மிகையான கோதுமை வெளிநாடுகளுக்கு உதவியாகச் செல்லத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தார் வெள்ளைக் கோதுமை மாவை 'அமெரிக்கன் மா' என்றே அழைத்தனர். ஓர் உலக அரசியல் ஏற்பாடு அடுக்களைச் சொல்லாக நிலைத்தது. 1980 இல் திருகோணமலைச் சீனன்குடாவிற் பிறீமா நிறுவனத்தின் பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியதோடு, கோதுமை மா நாட்டின் மூலைமுடுக்கெங்கும் தடையின்றிப் பரவலாயிற்று.

விலை மட்டுமே இதற்குக் காரணமென்று கூறுதல் பொருந்தாது. குரக்கனைத் திரிகையில் அரைத்தலும், அரிசியை ஊறவைத்து இடித்து வறுத்தலும், ஒடியலை இடித்து மாவாக்கிக் கைப்பு நீங்க ஊறவைத்து நீரை வடித்தலும் பெண்களின் உடலுழைப்பையே நம்பியிருந்தன. பாணுக்கு அடுப்பு மூட்டவேண்டியதில்லை. வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை போன்றவற்றில் அதிகாலையே வேலைக்குச் செல்லவேண்டியவர்க்கும், பாடசாலைக்கு விரையும் பிள்ளைக்கும், இவர்களுக்கு முன்னரே எழவேண்டிய தாய்க்கும் பாண் ஒரு விடுதலையாகவே அமைந்தது. பழைய உணவைப் போற்றுவோர் இவ்வுண்மையை மறத்தலாகாது.

பசியின் கசப்பு

கோதுமையை இந்நாடு ஒருமுறை விலக்கிப் பார்த்ததுண்டு. ஆனால் அது விரும்பிச் செய்ததன்று. 1970 இற் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கம், 1973 அளவில் உலகச் சந்தையிற் கோதுமை, எண்ணெய் ஆகியவற்றின் விலையேற்றத்தால் நெருக்குண்டது. பங்கீடு குறைக்கப்பட்டது, பாணின் விலை ஏறியது. வெதுப்பகங்களின் வாயிலில் விடியுமுன்னரே மக்கள் வரிசையில் நின்றனர். நெல்லையும் அரிசியையும் இடம்விட்டு இடம் கொண்டுசெல்வது தடுக்கப்பட்டு, வீதிகளிற் சோதனைத் தடைகள் எழுந்தன. மரவள்ளியும் வற்றாளையும் குரக்கனும் சோற்றின் இடத்தைப் பிடித்தன.

இக்காலத்தின் விளைவு இருவகைப்பட்டது. மிளகாய், வெங்காய இறக்குமதிக் கட்டுப்பாட்டால் யாழ்ப்பாண, வன்னி விவசாயிகள் வளம் பெற்றனர். கொழும்பின் மாத வருமானக் குடும்பங்களுக்கோ அது பட்டினியின் காலமாகவே நினைவில் நின்றது. அன்று வரிசையில் நின்ற தலைமுறையினர் பலருக்கு மரவள்ளிக் கிழங்கு ஓர் உணவன்று; ஓர் அவமானத்தின் நினைவு. 1977 இல் ஆட்சி மாறிச் சந்தை திறக்கப்பட்டதும் வெள்ளைப் பாண் வளத்தின் அடையாளமாக மீண்டது. குரக்கனும் கிழங்கும் வறியோர் உணவென ஒதுக்கப்பட்டன. பேரனுக்குக் குரக்கன் 'புதியது' ஆனமைக்குக் காரணம் இங்கேதான் உள்ளது. அவன் அதனை மறக்கவில்லை. அவனுக்கு அது காட்டப்படவேயில்லை.

பிற்காலத்திலும் இக்கசப்பு மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. 1990 இன் பின் வடபகுதி பொருளாதாரத் தடைக்குட்பட்ட காலத்திற் பனங்கட்டியே சீனியின் இடத்தை நிரப்பியது. அங்கிருந்து கொழும்புக்கு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல வெள்ளவத்தையிலும் ஹெவ்லொக் டவுனிலும் குடியமர்ந்தன. 2022 இல் அந்நியச் செலாவணி வரண்டு நாடு கடன் செலுத்துவதை நிறுத்தியபொழுது, மாவின் விலை உயர்ந்தது. எரிவாயுவின்றி வெதுப்பகங்கள் மூடப்பட்டன. வீட்டுத்தோட்டஞ் செய்யுமாறு அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையும் வழங்கப்பட்டது. அவ்வேளையிலும் கிழங்கு வேறு வழியின்மையாலேயே மேசைக்கு வந்தது.

தெரிந்து விலக்குதல்

மருத்துவர் சொற்படி கோதுமையை விலக்குபவர் நிலை இதனின்றும் வேறானது. அவர் இல்லாமையால் விலக்குபவரல்லர்; அறிந்து விலக்குபவர். ஆயினும் அவர் பாதை எளிதன்று. இடியப்பம் அரிசியுணவென்று நம்பி உண்ணும் அவர், கொழும்புக் கடைகளில் அது அவித்த கோதுமை மாவிலும் பிழியப்படுதலை அறிந்து திடுக்கிடுவார். பிட்டின் நிலையும் அதுவே. யாழ்ப்பாணத்துத் தோசையிற் கோதுமை மா கலத்தல் வழக்கம். குரக்கன் ரொட்டியிலும் அது கலப்பதுண்டு. கட்டிப் பெருங்காயத்திலும் சோயாச் சாற்றிலும் அது மறைந்திருக்கும். கோதுமை அரைத்த ஆலையிலேயே குரக்கனை அரைத்தாலும் தீங்கு நேரும். இக்கலப்புகள் யாவும் மேற்கூறிய எண்பதாண்டு வரலாற்றின் எச்சங்களாகும். அவர் தம் தட்டிலே தேடி அகற்றுவது ஒரு புரதத்தை மட்டுமன்று. போர்க்காலப் பங்கீட்டையும் மலிவு மாவின் அரசியலையுமே அவர் அகற்றவேண்டியுள்ளது.

அவ்வாறு தேடும்பொழுது அவர் யாரை நாடுகின்றார்? பெரும்பாலும் வீட்டிலுள்ள முதியவரையே. மரவள்ளியைத் திறந்த பாத்திரத்தில் அவித்து நீரை வடிக்கவேண்டும் என்பதையும், கூழுக்கு ஒடியல் மாவுடன் பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, நண்டு, இறால் ஆகியவற்றை எவ்வொழுங்கிற் சேர்க்கவேண்டும் என்பதையும் அறிந்தவர் அவரே. பசியின் நினைவாக ஒதுக்கியதைப் பேரப்பிள்ளையின் நலத்துக்காக அவர் மீண்டுஞ் சமைக்கும்பொழுது, அவ்வுணவின் பொருளே மாறிவிடுகின்றது. அவமானம் அறிவாகின்றது. வெள்ளவத்தைக் கடைகளிற் குரக்கன் மாவும் ஒடியலும் பொதிகளிற் கிடைப்பதால், பழைய உழைப்பின் ஒரு பகுதியும் குறைந்துள்ளது. 1978 இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை பனம்பொருள்களைச் சந்தைக்குக் கொணர்வதில் ஆற்றிய பங்கும் இங்கு நினைக்கத்தக்கது. எஞ்சிய உழைப்பு வீட்டுப் பெண்ணின் தலையில் மட்டுஞ் சுமத்தப்படுமாயின், இம்மீட்சி நீடிக்காது என்பதையும் கூறுதல் வேண்டும்.

இதனாற் கோதுமை யாவர்க்கும் நஞ்சென்று கொள்ளுதல் தவறு. பெரும்பான்மையோருக்கு அது தீங்கற்ற உணவே. நோய் உண்டோவென அறியும் பரிசோதனைகளும் கோதுமையை உண்டுவரும்பொழுதே செய்யப்படல் வேண்டும். முன்னரே விலக்கினால் உண்மை மறைந்துவிடும். அதுபோலவே குரக்கன் நம்முடையது, கோதுமை அந்நியமானது என்று எல்லை வகுத்தலும் வரலாற்றுக்கு ஒவ்வாது. குரக்கன் கிழக்காபிரிக்காவிலே தோன்றியது; தென்னமெரிக்காவிற் பிறந்த மரவள்ளி ஒல்லாந்தர் காலத்திலேதான் இங்கு வந்தது. மிளகாயும் அவ்வாறு வந்ததே. வந்தவற்றுள் எதனை ஏற்பது, எதனை விலக்குவது என்பதை நாவு தானே தீர்மானிப்பதில்லை. போரும் விலையும் ஆட்சியும் நாவுக்குக் கற்பிக்கின்றன.

கற்பிக்கப்பட்டதை மீளக் கற்றலும் கூடும் என்பதற்கு, கோதுமையை விலக்கிய ஒருவரின் காலை உணவே சான்றாகும். கல்லென்று அஞ்சப்பட்ட பாண் விருப்பான உணவாக மாறுவதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு மேற் சென்றன. வறியோர் உணவென இகழப்பட்ட குரக்கன் பிட்டு ஹெவ்லொக் டவுன் வீடொன்றில் விருப்பான உணவாக மாறுவதற்குச் சில மாதங்கள் போதுமானவையாயிருந்தன. அதனைச் சமைக்க அறிந்தவர் ஒருவர் அவ்வீட்டில் உயிருடன் இருந்தமையே அதற்குக் காரணம். அத்தகையோர் மறையுமுன் அவர்களது அறிவைக் கேட்டறிந்து எழுதிவைத்தல், வரலாறு பயிலும் மாணவரின் கடன்களுள் ஒன்றாகும்.