பட்டாளத்துக்காரரின் அன்றாடம்: நாகலாபுரம் வட்டாரமும் இரண்டாம் உலகப் போர்க்கால உள்நாட்டுப் பாசறைகளும்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946ஆம் ஆண்டில், பிரித்தானிய இந்திய அரசு ஒரு புதிய பதக்கத்தை ஏற்படுத்தியது. அதன் பெயர் இந்தியா சர்வீஸ் மெடல். அதன் ஒரு பக்கத்தில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலையும் மறுபக்கத்தில் இந்திய நிலப்படமும் ‘1939–45’ என்ற ஆண்டுக் குறிப்பும் பொறிக்கப்பட்டன. போர்முனை அல்லாத பணியில் இந்தியாவிலேயே மூன்றாண்டுகள் கழித்த இந்தியப் படையினர் அதற்கு உரியவர். டிஃபென்ஸ் மெடல் பெற்றவர்க்கு இது கிடையாது. போரில் இருந்தும் போர்முனையைக் காணாத ஒரு பெருங்கூட்டம் இருந்தது என்பதை அரசே ஒப்புக்கொண்ட ஆவணமாக இப்பதக்கத்தைக் கொள்ளலாம். அந்தக் கூட்டத்தின் அன்றாட வாழ்வு வரலாற்று நூல்களில் மிகக் குறைவாகவே இடம்பெற்றுள்ளது.

இன்று திருப்பதி மாவட்டத்திலுள்ள நாகலாபுரம், போர்க்காலத்தில் சென்னை மாகாணத்துள் அடங்கிய ஊர். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் பெயரால் அமைத்த ஊர் என்பதும், மச்ச அவதாரக் கோலத்தில் பெருமாள் எழுந்தருளிய வேதநாராயணர் கோயிலும் அதன் புகழுக்குக் காரணங்கள். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் எல்லை வட்டாரம் அது. இத்தகைய வட்டாரங்களின் வரலாறு பெரும்பாலும் கல்வெட்டோடும் ராயர் காலத்தோடும் நின்றுவிடுகிறது. தெற்கே காஞ்சிபுரம், மேற்கே வேலூர், சித்தூர் எனச் சூழ்ந்த இந்நிலப்பகுதி மதராஸ் படைக்குத் தலைமுறை தலைமுறையாக ஆள் அளித்த நிலம் என்பது அடுத்தே நினைக்கப்பட வேண்டிய செய்தி. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை இன்றும் ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைக்கப்படுகிறது.

1939இல் சுமார் 2 லட்சம் பேரைக் கொண்டிருந்த இந்தியப் படை 1945இல் சுமார் 25 லட்சமாகப் பெருகியது. ‘வீர இனங்கள்’ என்னும் கோட்பாட்டின் பெயரால் தென்னாட்டாரைக் காலாட்படையிலிருந்து ஒதுக்கி, 1920களில் மதராஸ் காலாட்படைப் பிரிவுகளைக் கலைத்த அதே அரசு, போர் நெருக்கியபோது மதராஸ் ரெஜிமெண்டை மீண்டும் எழுப்பியது. கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரையில் அமைந்த அதன் பயிற்சி மையம் போருக்குப் பின் வெலிங்டனுக்கு மாறியது. 1780இல் தோன்றிய மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியற் படையோ கலைக்கப்படாமல் தொடர்ந்தது. பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையை ஒட்டிய அதன் மையம் போர்க்காலத்தில் பன்மடங்கு விரிந்தது. புத்தூரில் ரயிலேறி, அரக்கோணத்தில் வண்டி மாறி, காட்பாடி, ஜோலார்பேட்டை வழியே செல்லும் இளைஞனுக்குப் போர் என்பது முதலில் பெங்களூராகவே இருந்தது.

அங்கே நாள் ஊதுகொம்பில் தொடங்கியது. உடற்பயிற்சி, கவாத்து, துப்பாக்கிப் பயிற்சி, பாரா, மாலையில் விளையாட்டு, இரவில் ஆள் கணக்கெடுப்பு, விளக்கணைப்பு. காலாட்படைக்கும் சாப்பருக்கும் இதுவரை ஒன்றே. சாப்பருக்கு மேலும் ஒரு கல்வி இருந்தது. தச்சு, கொல்லு, கட்டட வேலை, படகுப் பாலம் அமைத்தல், வெடி வைத்தல், கண்ணிவெடி தேடி அகற்றல் ஆகியவை அவனுக்குக் கற்பிக்கப்பட்டன. நீர்ப்பயிற்சிக்கு ஏரி பக்கத்திலேயே இருந்தது. ஏரும் கவலையும் அறிந்த கைகள் சில மாதங்களில் அளவுகோலையும் முறுக்காணியையும் பழகிக்கொண்டன. ஒரே செயலை நூறு முறை செய்வதுதான் பாசறை வாழ்வின் சாரம். அதன் சலிப்பு நினைவுகளில் தங்குகிறது. அதன் பயன் பிறகே தெரிகிறது.

உணவு இவ்வாழ்வின் மையம். படையில் சேர வந்த இளைஞர் பலர் எடை குறைந்தவராக இருந்ததும், பயிற்சிக் காலத்தில் அவர்கள் எடை கூடியதும் அக்கால மருத்துவ அதிகாரிகள் கவனித்த உண்மைகள். 1942இல் பர்மா வீழ்ந்தபின் அந்நாட்டு அரிசியின் வரவு நின்றது. 1939க்கும் 1944க்கும் இடையே மொத்த விலைகள் இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தன. அந்த ஆண்டுகளில் பாசறையில் வேளை தவறாமல் சோறு கிடைத்தது, வீட்டில் கிடைக்கவில்லை. இந்தியப் படையை உலகின் மிகப்பெரிய தன்னார்வப் படை எனப் போற்றும் மரபு உண்டு. சட்டப்படி அது சரி. ஆயினும் பசியும் கடனும் நிலமின்மையும் கூடி ஒருவனைச் சேர்ப்பு முகாமுக்கு அனுப்பும்போது ‘தன்னார்வம்’ என்ற சொல்லின் பொருள் என்ன என்ற வினாவை ஆய்வாளர் தவிர்க்க இயலாது.

சாதியும் மொழியும் பாசறையில் வேறு முகம் கொண்டன. ஊரில் ஒடுக்கப்பட்ட சமூகத்தவரைப் பெருமளவில் சேர்த்த படைகளுள் மதராஸ் சாப்பர்ஸ் முதன்மையானது. பல சாதியாரும் மதத்தாரும் ஒரே பிரிவில் பணி செய்வதும் ஒரே சமையற்கட்டில் உண்பதும் அங்கே வழக்கம். அப்படையினரை அதிகாரிகளும் பிறரும் ‘தம்பி’ என்றே அழைத்தனர். ஊரில் அந்த உறவுச்சொல்லுக்குத் தகுதியற்றவனாகக் கருதப்பட்டவனும் அங்கே தம்பியானான். அவர்களுக்கே உரிய தலையணியான ‘துப்பட்டா’ அந்த அடையாளத்துக்குக் கண்கூடான சின்னமாயிற்று. இந்தியப் படை முழுவதற்கும் பொதுவான பயிற்று மொழி ரோமன் எழுத்தில் எழுதப்பட்ட உருது. தாய்மொழியில் கையெழுத்திடவும் அறியாத பலர் முதலில் கற்ற எழுத்து அதுவே. இதனைக் கொண்டு பாசறையைச் சமத்துவபுரி எனக் கொள்வது மிகை. மேலதிகாரம் பெரும்பாலும் வெள்ளையரிடமே இருந்தது. விடுப்பில் ஊர் திரும்பியவனுக்குப் பழைய தெரு பழைய தெருவாகவே இருந்தது.

ஊரோடு அவனை இணைத்தவை மணியார்டரும் கடிதமும். கடிதங்களைத் தணிக்கை செய்தோர் தயாரித்த அறிக்கைகள் இன்று ஆய்வாளர்க்கு அரிய சான்றுகள். போர்த்தந்திரத்தைவிட விலைவாசி, நிலத்தகராறு, விடுப்பு, பதில் வராத கவலை ஆகியவையே அவற்றில் மீண்டும் மீண்டும் வருகின்றன. 1942 ஏப்ரலில் இந்நிலை தலைகீழானது. விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின; சென்னை நகரம் அஞ்சி வெறிச்சோடியது; மக்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தனர். படைவீரன் பெங்களூரில் பாதுகாப்பாக இருக்க, அவன் குடும்பம் கடற்கரைக்கு அருகில் இருந்தது. யார் யாருக்காகக் கவலைப்படுவது என்பதே மாறிப்போயிற்று.

அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு சோதனை வந்தது. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை அடக்க 57 பட்டாலியன்கள் பயன்படுத்தப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. உள்நாட்டுப் பாசறை என்பது பயிற்சிக்கும் காவலுக்கும் மட்டும் உரியதன்று, சொந்த மக்களுக்கு எதிராகவும் திருப்பப்படக்கூடியது என்பது அப்போது வெளிப்பட்டது. சம்பளத்துக்கும் நாட்டுக்கும் இடையே நின்றவனின் மனநிலையைத் துரோகம் என்றோ விசுவாசம் என்றோ ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது.

பாசறையின் சலிப்பான பயிற்சி எதற்கு என்ற வினாவுக்கு ஒரு விடை இத்தாலியில் கிடைத்தது. காஞ்சிபுரம் வட்டாரத்துக் கீழ்ஒட்டிவாக்கத்தில் பிறந்த மதராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று மின்யானோ அருகே கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தார். ஒரு வெடி கிளம்பியபோது அதன்மேல் தம் உடலைக் கிடத்தி உடனிருந்தோரைக் காத்து உயிர்நீத்தார். ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர் அவரே. சில நொடிகளில் எடுத்த அம்முடிவுக்குப் பின்னால் இருந்தவை அவர் துணிவும், பல்லாண்டுப் பாசறைப் பழக்கமும்.

அவருக்குப் பதக்கமும் பெயரும் உண்டு. மூன்றாண்டுகள் கவாத்திலும் பாராவிலும் பட்டறையிலும் கழித்துத் திரும்பியவர்க்கு நிலப்படம் பொறித்த ஒரு பதக்கமும் ஊரார் இட்ட ‘பட்டாளத்துக்காரர்’ என்ற அழைப்பும் எஞ்சின. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது; 1960இல் எல்லை மறுபடி திருத்தப்பட்டது. மதராஸ் பெயர் தாங்கிய படையில் ஒரே வரிசையில் நின்றவர்கள் இரு மாநிலத்தவராயினர். இரு மாநிலங்களின் வரலாற்று நூல்களுக்கும் அவர்கள் நினைவு புறத்தேயே நின்றது. படைவிலகற் சான்று, சம்பளப் புத்தகம், மணியார்டர்ச் சீட்டு, துருவேறிய தகரப்பெட்டிக்குள் கிடக்கும் பதக்கம் ஆகியவை இவ்வட்டாரத்து வீடுகளில் இருக்குமாயின், கோயிற் கல்வெட்டுக்குத் தரும் கவனத்தை அவற்றுக்கும் தருவது ஆய்வு மாணவர்களின் கடன். கல்வெட்டு இன்னும் சில நூற்றாண்டுகள் நிற்கும். அந்தக் காகிதங்களுக்கு அவ்வளவு காலம் இல்லை.