லினக்ஸ் திறன்பேசிகளில் குறுஞ்செய்தித் தடங்கல்

லினக்ஸ் திறன்பேசிகளில் குறுஞ்செய்தித் தடங்கல் என்பது, லினக்ஸ் இயங்குதளம் கொண்ட கைப்பேசிகளில் எஸ்.எம்.எஸ். எனப்படும் குறுஞ்செய்திகள் வராமல் போவது, தாமதமாக வருவது, சிதைந்து வருவது ஆகிய சிக்கல்களைக் குறிக்கும். அண்ட்ராய்டும் லினக்ஸ் கருவின் மீது அமைந்ததே. எனினும் இக்கட்டுரையில் லினக்ஸ் திறன்பேசி எனப்படுவது, மேசைக்கணினிகளில் வழங்கும் லினக்ஸ் மென்பொருள்களையே பெரிதும் பயன்படுத்தும் கருவியாகும். 2007இல் வெளியான ஓப்பன்மோக்கோ நியோ 1973, 2009இல் வெளியான நோக்கியா என்900, 2019 முதல் அனுப்பப்பட்ட லிப்ரெம் 5, 2020 முதல் விற்கப்பட்ட பைன்போன் ஆகியன இவ்வகையின.

இந்தியாவில் வங்கிப் பரிமாற்றங்களுக்கும் அரசின் இணையச் சேவைகளுக்கும் உரிய ஒருமுறை கடவுச்சொல் பெரும்பாலும் குறுஞ்செய்தியாகவே வருகிறது. அது சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். ஆகவே தாமதமாக வரும் செய்தி, வராத செய்திக்கு ஒப்பாகும்.

குறுஞ்செய்தி செல்லும் வழி

முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. இம்முறையில் செய்தி ஒரு கைப்பேசியிலிருந்து மற்றொன்றுக்கு நேராகச் செல்வதில்லை. முதலில் சேவை வழங்குநரின் குறுஞ்செய்தி மையத்தை அடைகிறது. பெறுநரின் கைப்பேசி தொடர்பில் இல்லையெனில், மையம் அதனைச் சேமித்து வைத்து மீண்டும் மீண்டும் முயலும். குறித்த காலம் கடந்தால் செய்தி கைவிடப்படும். அனுப்பியவரின் திரையில் தோன்றும் "அனுப்பப்பட்டது" என்னும் குறிப்பு, செய்தி மையத்தை அடைந்ததை மட்டுமே காட்டும்.

பெறும் கைப்பேசிக்குள்ளும் மூன்று படிகள் உள்ளன: மோடம், அதனைக் கட்டுப்படுத்தும் மென்பொருள், செய்தியைக் காட்டும் செயலி. மோடம்மேனேஜர், ஓபோனோ ஆகியன இரண்டாம் படிக்குரிய கட்டற்ற மென்பொருள்கள். லினக்ஸ் திறன்பேசிகளில் இம்மூன்றும் பெரும்பாலும் வெவ்வேறு குழுவினரால் உருவாக்கப்படுகின்றன. எந்தப் படியில் பழுது நேர்ந்தாலும் பயனருக்கு அது ஒன்றுபோலவே தோன்றும்.

காரணங்கள்

பிணையம்: 2ஜி, 3ஜி பிணையங்களில் குறுஞ்செய்தி பழைய தொலைபேசித் தடத்தின் வழியே செல்கிறது. 4ஜியில் ஐஎம்எஸ் எனப்படும் அமைப்பின் வழியாகவும் செல்லலாம். இதற்குச் சேவை வழங்குநருக்கு ஏற்ற அமைப்புகள் மோடத்தில் இருத்தல் வேண்டும். இல்லையெனில் இணையம் சீராக இயங்கும்போதே குறுஞ்செய்தி வராமல் போகக்கூடும்.

உறக்க நிலை: மின்கலத்தைச் சேமிக்கக் கைப்பேசியின் முதன்மைச் செயலி உறங்கும்போது மோடம் மட்டும் விழித்திருக்கும். செய்தி வந்ததும் மோடம் செயலியை எழுப்ப வேண்டும். பைன்போனில் மோடம் உள்ளே யூஎஸ்பி வழியாக இணைக்கப்பட்டுள்ளது. உறக்கம் கலையும்போது இவ்விணைப்பு அறுந்து புதிதாக ஏற்பட்டால், மென்பொருள் மோடத்தை மீண்டும் கண்டறியும் வரை செய்தி தோன்றாது.

நினைவகம்: சிம் அட்டையிலும் மோடத்திலும் குறைந்த அளவு செய்திகளையே சேமிக்க இயலும். படித்தவை அங்கிருந்து அழிக்கப்படாவிட்டால் இடம் நிறைந்து, புதிய செய்திகள் மையத்திலேயே தங்கிவிடும்.

தமிழ்ச் செய்திகள்

ஒரு குறுஞ்செய்தியின் அளவு 140 பைட்டுகள். ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றும் 7 பிட்டு கொள்வதால் 160 எழுத்துகள் அடங்கும். தமிழ் பொதுவாக ஒருங்குறியில் 16 பிட்டுகளாக அனுப்பப்படுவதால் 70 குறியீடுகளே அடங்கும். மேலும் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படும். எடுத்துக்காட்டாக, "உடுமலைப்பேட்டை" என்னும் ஊர்ப்பெயரில் எழுத்துகள் 8, குறியீடுகளோ 14. இடைவெளியின்றி ஐந்து முறை எழுதினாலே ஒரு செய்தி நிறைந்துவிடும்.

இதற்கு மேற்பட்ட செய்தி, 67 குறியீடுகள் கொண்ட பகுதிகளாகப் பிரித்து அனுப்பப்படும். ஒரு பகுதி தவறினாலும் மென்பொருள் முழுச் செய்தியையும் காட்டாது நிறுத்திவைக்கக்கூடும். எனவே ஆங்கிலத்தில் ஒரே பகுதியாகச் செல்லும் செய்தி, தமிழில் பல பகுதிகளாகித் தடைப்படும் வாய்ப்பு மிகுதி.

இந்தியச் சூழல்

2016இல் சேவையைத் தொடங்கிய ஜியோவுக்கு 2ஜி, 3ஜி பிணையங்கள் இல்லை. ஆகவே ஐஎம்எஸ் அமைப்பு சரிவராத கருவிகளில் அதன் சிம் அட்டைக்குச் சிக்கல் நேரும் வாய்ப்பு அதிகம். ஏர்டெல், பிஎஸ்என்எல் முதலிய நிறுவனங்கள் 2ஜி சேவையும் தருகின்றன.

தடங்கலுக்குக் கைப்பேசி காரணமாக இல்லாமலும் இருக்கலாம். வணிகச் செய்திகளைச் சரிபார்க்கும் புதிய முறை 2021 மார்ச் மாதத்தில் நடைமுறைக்கு வந்தபோது, நாடெங்கும் ஒருமுறை கடவுச்சொற்கள் தடைப்பட்டன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அம்முறையை ஒரு வாரம் நிறுத்திவைத்தது. மேலும், சிம் அட்டையை மாற்றி வாங்கினால் முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தியை நிறுத்திவைக்குமாறு 2022இல் தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. புதிய கைப்பேசிக்கெனச் சிம் அட்டையை மாற்றியவர் இதனைக் கருவியின் பழுதாகக் கருதிவிடக்கூடும்.

பழுதறியும் முறை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தல் வேண்டும்.

1. சிம் அட்டையைச் சாதாரணக் கைப்பேசியில் இட்டுப் பார்த்தல். அங்கும் செய்தி வராவிடின் பழுது பிணையத்திலோ அனுப்புநரிடமோ உள்ளது.
2. செய்தி அனுப்ப இயலாவிடின், குறுஞ்செய்தி மையத்தின் எண் சரியாக உள்ளதா எனப் பார்த்தல்.
3. வழங்குநரிடம் 2ஜி சேவை இருப்பின், கைப்பேசியை 2ஜியில் மட்டும் இயக்குதல். அப்போது செய்தி வந்தால் 4ஜிக்குரிய அமைப்புகளில் குறை உள்ளது எனலாம்.
4. திரை எரியும்போது ஒரு செய்தியும், கருவி உறங்கும்போது ஒரு செய்தியும் அனுப்பி ஒப்பிடுதல்.
5. மோடத்திலும் சிம் அட்டையிலும் தேங்கிய செய்திகளைப் படியெடுத்தபின் அழித்தல்.
6. சிறிய ஆங்கிலச் செய்தி, சிறிய தமிழ்ச் செய்தி, நீண்ட தமிழ்ச் செய்தி என்னும் வரிசையில் அனுப்புதல். மூன்றாவது மட்டும் தவறினால், பகுதிகளை இணைப்பதில் குறை உள்ளது.

பழுது நீங்கும் வரை, வங்கிக் கணக்குடன் இணைந்த எண்ணைச் சாதாரணக் கைப்பேசியில் வைத்திருப்பது பாதுகாப்பானது.

இவற்றையும் பார்க்க

குறுஞ்செய்தி
ஒருங்குறி
கட்டற்ற மென்பொருள்