சுதேசிப் பேனாவும் சாத்தூர் முள்ளும்

மதுரையிலிருந்து தெற்கே போகிற சாலை திருமங்கலத்தில் இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் திரும்பினால் டி.கல்லுப்பட்டி வழியாக ராஜபாளையம். நேரே போனால் விருதுநகர், சாத்தூர். நம் நாட்டுப் பேனாவின் கதைக்கு இந்த இரண்டு சாலைகளும் வேண்டும். ஆனால் கதை தொடங்குவது கோதாவரிக் கரையில்.

ராஜமுந்திரி அன்று சென்னை மாகாணத்து ஊர். அங்கே பொற்கொல்லர் வேலை தெரிந்தவர் கோசூரி வெங்கட ரத்தினம். நகைக்கு அச்சு வெட்டுகிற கை. சாதாரண மக்களுக்குப் பயன்படும்படி ஏதாவது செய்யுங்கள் என்று காந்தி சொன்னதாகவும், அதைக் கேட்டுத்தான் அவர் ஊற்றுப்பேனாவில் இறங்கினார் என்றும் சொல்வார்கள். 1930களின் தொடக்கத்தில் ‘ரத்தினம் பேனா’ பிறந்தது. ஊற்றுப்பேனா அன்றைக்குச் சாதாரண மக்களின் பொருளா என்பது வேறு விஷயம். பார்க்கரும் வாட்டர்மேனும் ஸ்வானும் வக்கீல்கள், தாசில்தார்களின் சட்டைப்பைப் பவிசு. கிராமத்துக் கைத்தொழிலுக்கு நாணல் பேனாவே போதும் என்று வாதாடியவர் காந்தி.

பேனாவின் உடம்பு ரத்தினத்துக்குப் பெரிய சவாலாக இருந்திருக்காது. ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுக்கினால் எபோனைட். மை அதை அரிக்காது. கைக்கடைசலில் பிடித்துக் கடைந்தால் தண்டு, கழுத்து, மூடி, மையைச் சீராக இறக்கும் நாக்கு எல்லாமே வந்துவிடும். உள்ளே ரப்பர் பையோ பிஸ்டனோ கிடையாது. தண்டுக்குள் ஃபில்லரால் நேரே மையை ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

கஷ்டம் முள்ளில், அதாவது நிப்பில், இருந்தது. அக்கால மையில் அமிலம் உண்டு. சாதாரண எஃகு அதில் துருப்பிடித்துப் போகும். அதனால்தான் நல்ல பேனாவுக்குத் தங்க முள். ஆனால் தங்கம் மெத்தென்றது, காகிதத்தில் தேயும். அதனால் நுனியில் இரிடியம் போன்ற கெட்டி உலோகத்தைக் குன்றிமணியிலும் சிறிய பொட்டாக ஒட்ட வேண்டும். பிறகு அந்தப் பொட்டையே நடுவில் பிளக்க வேண்டும். பிளவு அகன்றால் மை கொட்டும், நெருங்கினால் எழுதாது. இந்த வேலைக்காகவே ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் எல்லோரும் நம்பியிருந்தார்கள். தண்டு உள்ளூர், முள் சீமை என்றால் அது எப்படி சுதேசி ஆகும்?

அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவர் ஒரு தமிழர். தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி.குமரப்பா; லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர், கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர். 1934 டிசம்பரில் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்துக்கு அவர் செயலாளர். ரத்தினத்தின் பேனா முழுக்க உள்நாட்டுச் சரக்குதானா என்று ஆராயும் வேலை அவருக்கு வந்தது என்பார்கள். ஆடிட்டருக்குப் பொருத்தமான வேலைதான். பேனா அவர் கை வழியாகவே காந்தி இருந்த வார்தாவுக்குப் போனது. 1935 ஜூலை 16ஆம் தேதியிட்ட கடிதத்தில் காந்தி ரத்தினத்துக்கு நன்றி சொல்கிறார்: குமரப்பா மூலம் அனுப்பிய பேனாவால் எழுதிப் பார்த்தேன், கடைத்தெருவில் கிடைக்கும் அந்நியப் பேனாக்களுக்கு நல்ல மாற்றாகவே தெரிகிறது என்று. அளந்து போட்ட பாராட்டு. ரத்தினம் பேனாவுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் பிறகு தேவைப்படவில்லை.

குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தது டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில். 1960 ஜனவரி 30ஆம் தேதி, காந்தி நினைவு நாளிலேயே, காலமானார்.

இனி அந்த இன்னொரு சாலை. வைப்பாற்றங்கரையில் இருக்கிற சாத்தூர் கரிசல் பூமி. மழையை நம்பிப் பிழைக்க முடியாத சனங்கள் தீப்பெட்டி ஒட்டினார்கள், அச்சுத் தொழிலுக்குப் போனார்கள். சாத்தூரில் அதோடு நிப்பு அடிக்கும் வேலையும் குடிசைத் தொழிலாகப் பரவியது. துருப்பிடிக்காத எஃகு வந்தபின் தங்கத்தின் கட்டாயம் போய்விட்டது. தகட்டை இலை வடிவில் வெட்டி, கண் போட்டு, பெயர் பதித்து, வளைத்து, பிளந்து, மெருகேற்றினால் நிப்பு. பிரஸ்ஸும் பட்டறையும் இருந்தால் வீட்டுத் தாழ்வாரமே போதும்.

காலமும் கைகொடுத்தது. வெளிநாட்டுப் பேனா இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. 1957, 1962 தேர்தல்களில் சாத்தூரில் ஜெயித்த காமராஜர் முதலமைச்சராக இருந்து பள்ளிக்கூடங்களைத் திறந்துகொண்டே போனார். அத்தனை பிள்ளைகளுக்கும் பேனா வேண்டுமே. எழுதாத நிப்பைச் சிமென்ட் தரையில் தேய்த்தும், பிளேடு நுனியால் நெம்பியும் சரிசெய்து பரீட்சை எழுதிய தலைமுறைக்கு அந்த முள் எந்த ஊர்ச் சரக்கு என்று தெரியாது. ரத்தினத்தின் பெயர் பேனாவிலேயே இருக்கிறது. சாத்தூர்ப் பட்டறைக்காரர் ஒருவர் பெயர்கூட எந்தப் பேனாவின் வரலாற்றிலும் இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. கடினமான பாதியைச் செய்தவர்கள் அவர்கள்.

பால்பாயின்ட் பேனாவை முதலில் பள்ளிகள் ஏற்கவில்லை. கையெழுத்து கெடும் என்றார்கள். 1980களின் பிற்பகுதியில் ரெனால்ட்ஸ் வந்து இறங்கியதும் அந்தத் தடை தளர்ந்தது. நிப்புப் பட்டறைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இன்று சாத்தூர் என்றால் காராச்சேவும் வெள்ளரிக்காயும்தான் நினைவுக்கு வரும்.

ஊற்றுப்பேனா மட்டும் வேறு வேஷத்தில் திரும்பியிருக்கிறது. ராஜமுந்திரியில் இன்றும் பேனா கடைகிறார்கள். திருவள்ளூரில் ‘ரங்கா’ பேனாக்காரர்கள் எபோனைட்டில் கையால் கடைந்து தருவதை உலகெங்கும் வாங்குகிறார்கள். வாங்கும்போது எந்த முள் வேண்டும் என்று கேட்பார்கள். பலர் கூடுதல் காசு கொடுத்துக் கேட்டு வாங்குவது ஜெர்மன் முள்.