கம்பிர் சலித்த மண்ணும் கடின இலைகளும்: சிங்கப்பூர்க் குன்றுகளில் இலைக் காப்பின் செலவுக் கணக்கு

ஒளிச்சேர்க்கையால் செடிக்கு வருவாய் ஈட்டித் தருவது இலை. புழுவுக்கும் வண்டுக்கும் இரையாவதும் அதுவே. நஞ்சோ டானினோ நார்ப்பொருளோ சேர்த்து இலையைக் காக்க முற்பட்டால், அதற்குச் செலவாகும் கரிமமும் நைட்ரஜனும் புதிய தளிருக்கும் வேருக்கும் கிடைக்காமல் போகின்றன. காப்புக்கு ஒரு செடி எவ்வளவு ஒதுக்கும், எதை வைத்து அந்த அளவு அமைகிறது என்பது தாவரச் சூழலியலில் நெடுங்காலமாக விவாதிக்கப்படும் கேள்வி.

1976இல் பால் ஃபீனி அளித்த விடை தின்னியை மையமாகக் கொண்டது. பூச்சிகள் எளிதில் கண்டுபிடிக்கும் நெடுங்கால மரங்கள் டானின் போன்ற பொதுக் காப்பை மிகுதியாகச் சேர்க்கும். முளைத்துச் சில நாளில் மறையும் சிறுசெடிகளுக்குக் கொஞ்சம் நஞ்சே போதும் என்றார் அவர். 1985இல் ஃபிலிஸ் கோலி, ஜான் பிரையன்ட், ஸ்டூவர்ட் சேப்பின் ஆகிய மூவரும் பார்வையைச் செடி நிற்கும் இடத்தின் மீது திருப்பினர். வளம் குறைந்த இடத்தில் இழந்த இலையை ஈடுசெய்வது அரிது. ஆகவே அங்கே மெதுவாக வளர்ந்து, நெடுநாள் தங்கி, பலமாகக் காக்கப்படும் இலைகளே நிலைக்கும். வளம் மிகுந்த இடத்திலோ, தின்னக் கொடுத்துவிட்டு மறுபடி தளிர்ப்பதே மலிவு.

இவ்விரண்டில் பின்னதே வலுவானது என்பதற்குச் சிங்கப்பூர்க் குன்றுகள் நல்ல சான்று தருகின்றன. கோலி 1983இல் வெளியிட்ட பனாமா ஆய்வு, காட்டு இடைவெளிகளில் வேகமாக வளரும் மரங்களையும் நிழல் தாங்கி வளரும் மரங்களையும் ஒப்பிட்டது. அங்கே இரு சாராரையும் முதன்மையாகப் பிரித்தது ஒளி. சிங்கப்பூரின் இளங்காடுகளிலோ ஒளியும் மழையும் ஏறத்தாழ ஒன்றே; மண் மட்டும் வேறு. அந்த வேறுபாட்டை உண்டாக்கியது ஓர் இலைப் பயிர்.

ராஃபிள்ஸ் 1819இல் கரையிறங்கியபோதே தீவில் சீனர்களின் கம்பிர்த் தோட்டங்கள் இருந்தன. கம்பிர்க் கொடியின் இலையைக் கொப்பரையில் காய்ச்சி, சாற்றை இறுகவைத்து, கட்டிகளாக வெட்டி உலர்த்துவார்கள். வெற்றிலைக் கடையில் கத்தக்காம்பு என்ற பெயரில் கிடைப்பது இது; ஐரோப்பாவுக்குத் தோல் பதனிடச் சென்றதும் இதுவே. அதன் துவர்ப்புக்குக் காரணமான கேட்டச்சினும் டானினும் வேதியியல் முறையில் இலைக்காப்புப் பொருள்களின் வகையைச் சேர்ந்தவை. தோட்டக்காரர்கள் இலையை ஆண்டுக்குப் பலமுறை வெட்டினார்கள். அடுப்புக்கு விறகாகச் சுற்றுக்காட்டை அழித்தார்கள். காய்ச்சி எஞ்சிய சக்கையை மிளகுக் கொடிக்கு எருவாகப் போட்டார்கள். பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண் சலித்துவிடும். தோட்டத்தைக் கைவிட்டு அடுத்த குன்றுக்கும், பின்னர் ஜொகூருக்கும் பெயர்ந்தார்கள். மூடாக்கு இழந்த சரிவுகளில் எஞ்சியிருந்த மேல்மண்ணை மழை அரித்தது.

அந்த வெற்று நிலத்தில் எழுந்த குறுங்காட்டை ஆர். ஈ. ஹோல்ட்டம் 1954இல் 'அடினாண்ட்ரா பெலுக்கார்' என்ற பெயரில் விவரித்தார். மலாயில் 'தியுப் தியுப்' எனப்படும் அடினாண்ட்ரா டுமோசா அதன் முதன்மை மரம். கெண்ட் ரிட்ஜ் குன்றில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி, இன்றும் இதைக் காணலாம். 1992இல் சிம், டான், டர்னர் ஆகியோர் வெளியிட்ட கட்டுரை இதை மனிதர் உண்டாக்கிய 'ஹீத்' காடு என வகைப்படுத்தியது. அமிலம் மிகுந்த அந்த மண்ணில் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகக் குறைவு. குடுவைச் செடிகள் அங்கே பூச்சி பிடித்துப் பிழைப்பதே மண்ணின் வறுமைக்குப் போதிய சாட்சி. தியுப் தியுப்பின் முதிர்ந்த இலை தடித்து, தோல்போல் விறைத்திருக்கும்.

'கடினம்' என்பதை அளக்க ஒரு நேர்த்தியான முறை இதே பல்கலைக்கழகத்தில் உருவானது. பீட்டர் லூக்காஸும் பெரெய்ராவும் 1990இல் விளக்கிய முறையில், இயந்திரத்தில் பொருத்திய கத்தரிக்கோல் இலையை வெட்டும்போது செலவாகும் ஆற்றல் பதிவாகிறது. பிறகு இலை இல்லாமல் கத்தரிக்கோல் ஒருமுறை மூடப்படுகிறது. உராய்வுக்கான அந்த ஆற்றலைக் கழித்து, மீதியை வெட்டுப் பரப்பால் வகுத்தால் இலையின் முறிவுக்கடினம் கிடைக்கும். எளிய கருவிதான்; ஆனால் புழுவின் தாடை செய்யும் வேலைக்கு மிக அருகில் வருவது. சூங், லூக்காஸ், டர்னர் முதலியோர் 1992இல் இம்முறையைப் பல வெப்பமண்டல இலைகளில் கையாண்டனர். கடினம் செல்சுவரிலிருந்து வருகிறது. நரம்புகள் இடைத்தசையைவிடப் பன்மடங்கு கடினமானவை. செல்சுவரின் மூலப்பொருள் கரிமம். வெயில் கொட்டும் குன்றில் கரிமத்துக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் நைட்ரஜனுக்குத்தான்.

மண் ஓரளவு நன்றாக உள்ள இளங்காடுகளில் காட்சி மாறுகிறது. அங்கே மலாயில் 'மஹாங்' எனப்படும் மகராங்கா மரங்கள் வேகமாக எழுகின்றன. அகன்ற, மெல்லிய இலைகள். அவற்றுள் மகராங்கா பங்கானா போன்ற சில இனங்கள் காவலை எறும்புகளிடம் ஒப்படைத்துள்ளன. உள்ளீடற்ற தண்டுக்குள் கிரெமட்டோகாஸ்டர் எறும்புகள் குடியிருக்கின்றன. பின்னோக்கி மடிந்த இலையடிச் செதிலின் உட்புறம் வெண்ணிற மணிகள் தோன்றும். கொழுப்பும் புரதமும் கொண்ட அந்த மணிகளே எறும்புகளுக்குச் செடி தரும் கூலி. இலையில் ஏறும் புழுவை எறும்புகள் கடித்து விரட்டுகின்றன. தீபகற்ப மலேசியாவில் மார்ட்டின் ஹைல், பிரிகிட்டே ஃபியாலா ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வின்படி, தரைக்கு மேலே செடி அன்றாடம் சேர்க்கும் உலர் எடையில் சுமார் 5 விழுக்காடு இக்கூலிக்குப் போகிறது. உரமிட்டால் மணிகள் கூடின. எறும்பை அகற்றினால் குறைந்தன. செலவைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது என்பதே இங்கே முக்கியம். ஒருமுறை கட்டிய செல்சுவரைத் திரும்பப் பெற வழியில்லை.

தியுப் தியுப்பும் மஹாங்கும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை, அவற்றை ஒப்பிடுவது சரியா எனக் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மகராங்கா பேரினத்துக்குள்ளேயே எறும்பு குடியிருக்கும் இனங்களின் இலையில் டானின் குறைவு, எறும்பில்லா இனங்களில் மிகுதி என்று கண்டறியப்பட்டுள்ளது. இரு காப்புகளுக்கும் சேர்த்துச் செலவிடச் செடி தயங்குகிறது. ஃபீனியின் விளக்கம் இங்கே உதவாது: மஹாங்கும் தியுப் தியுப்பும் கூட்டமாக நின்று பல்லாண்டு வாழும் மரங்கள், பூச்சியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் படும்.

இதைவிடக் கடுமையான மறுப்பு, கடினம் பூச்சிக்காகவே தோன்றியதா என்பது. தடித்த இலை மழை, காற்று, உலர்வு ஆகியவற்றாலும் சிதையாது. டர்னரே 1994இல் இலைவிறைப்பைப் பலவகைச் சேதங்களுக்கு எதிரான பொதுப் பாதுகாப்பு என வாதிட்டார். அதை ஏற்றாலும் செலவுக் கணக்கு மாறுவதில்லை: மாற்ற முடியாத இலையை எதனிடமிருந்தும் காக்கவேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு விதிவிலக்கு எஞ்சுகிறது: தளிர். விரியும் இலையில் லிக்னின் ஏறினால் அது மேலே வளர முடியாது. எனவே எவ்வளவு கடினமான இலையும் சில நாள் மென்மையாக இருந்தே தீரும். வெப்பமண்டல மழைக்காடுகளின் நிழல் மரங்களில் இலை தன் ஆயுளில் அடையும் சேதத்தில் பெரும்பங்கு இந்நாட்களில் நேர்கிறது. மாந்தளிர் துவண்டு தொங்குவதும், நைட்ரஜன் மிகுந்த பச்சையம் பின்னர் ஏறுவதும் இதையொட்டியவை: பறிபோனால் இழப்பு குறைவு. முதிர்ந்ததும் அதே மாவிலை தோரணத்தில் நாள்கணக்கில் விறைப்பாக நிற்கும்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடித் தாழ்வாரத் தொட்டிகளில் வளரும் கறிவேப்பிலையில் இதை அருகிலிருந்து பார்க்கலாம். நறுமண எண்ணெய் பெரும்பாலான பூச்சிகளை விலக்குகிறது. கறிவேப்பிலை அழகி என்னும் பட்டாம்பூச்சிக்கோ அவ்வகைச் செடியே புழு வளர்க்கும் இடம். பறவை எச்சம்போல் தோற்றமளிக்கும் இளம்புழு தளிரிலிருந்தே தின்னத் தொடங்கும். தாளிப்புக்காகக் கொத்து ஒடிக்கும்தோறும் பக்க அரும்புகள் கிளைக்கின்றன, உரமும் நீரும் அவற்றை விரைவுபடுத்துகின்றன. கடினப்படாத இலை ஆண்டு முழுதும் செடியில் இருந்துகொண்டே இருக்கிறது. புழு மொட்டையாக்கிய தொட்டிச் செடி சில வாரங்களில் மறுபடி தழைப்பதற்கும் அந்த உரமே காரணம்.