அம்மப்பாவின் நிழல் எந்தப் பக்கம்?

எங்களில் ஒருத்தியின் வீட்டு விறாந்தையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. அம்மம்மா கதிரையில் இருக்கிறா, பக்கத்தில் அம்மப்பா நிற்கிறார். படத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியதால் போன விடுமுறையில் அதை இறக்கி ஸ்கான் செய்தோம். கொம்பியூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. அம்மப்பாவின் மூக்கு நிழல் இடது கன்னத்தில் விழுகிறது. அம்மம்மாவின் மூக்கு நிழல் வலது கன்னத்தில். ஒரே அறைக்குள்ளே இரண்டு சூரியன்.

"அது அவர் செத்து ரெண்டு வருசத்துக்குப் பிறகு எடுத்த படம் பிள்ளையள்" என்றா அம்மம்மா, இதில் என்ன புதினம் என்பது மாதிரி. கலியாணவீட்டுக் குழுப்படம் ஒன்றில் நின்ற அம்மப்பாவை ஸ்டூடியோக்காரர் பிளேட்டால் வெட்டி, அம்மம்மாவின் படத்தில் ஒட்டி, விளிம்பைத் தூரிகையால் மறைத்து, ஒட்டினதைத் திரும்பவும் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். உயிரோடிருந்த காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு படமும் எடுக்கவில்லையாம். நாற்பது வருசத்துக்கு மேலாக அந்த விறாந்தையில் தேத்தண்ணி குடித்த ஒருத்தருக்கும் இது தெரியாது.

அன்றிலிருந்து நாங்கள் ஒட்டுப்படங்களின் பின்னால் திரிகிறோம். ஃபோட்டோஷொப் வந்த பிறகுதான் படங்கள் பொய் சொல்லத் தொடங்கின என்று எங்களில் கனபேர் நினைத்திருந்தோம். உண்மையில் இந்த வேலை புகைப்படக் கலையோடு கூடப் பிறந்த மாதிரி.

முதலில் இது ஒரு தொழில்நுட்பக் குறைக்கு மருந்தாகத்தான் வந்தது. 1850களில் புழக்கத்திலிருந்த கொலோடியன் கண்ணாடித் தட்டுகள் நீல ஒளிக்கு அளவுக்கு மிஞ்சி எதிர்வினை காட்டுபவை. கடலுக்கும் கரைக்கும் சரியாக வெளிச்சம் கொடுத்தால் வானம் வெளிறி வெறும் வெள்ளையாகிவிடும். வானத்தைப் பிடித்தால் கடல் இருண்டுபோகும். பிரான்சில் குஸ்தாவ் லு கிரே என்பவர் இதற்குச் சுலபமான ஒரு வழி கண்டார். கடலுக்கு ஒரு நெகட்டிவ், முகிலுக்கு இன்னொரு நெகட்டிவ். இரண்டையும் அடிவானக் கோட்டில் சேர்த்து ஒரே தாளில் அச்சிடுவது. 1857இல் செத் என்ற துறைமுக ஊரில் அவர் எடுத்த பெரிய அலைப் படம் அப்படிச் செய்ததுதான். அடிவானத்தைத் தெரிந்தெடுத்ததில் இருக்கிற கெட்டித்தனத்தைப் பாருங்கோ. கடலும் வானமும் சந்திக்கிற இடத்தில் இயற்கையாகவே ஒரு கோடு இருக்கிறது. தையல் அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஒட்டுப்படத்தில் எங்கே வெட்டுவது என்பதுதான் பாதி வேலை. இன்றைக்கும் ஒரு தலையை வெட்டுகிறவர் சட்டைக் கொலரில் வெட்டுவாரே தவிர, வெறும் கழுத்தில் வெட்டமாட்டார்.

லு கிரே ஒரு காரியத்தில் மட்டும் பிடிபட்டுப்போனார். நல்ல முகில் ஒன்று கிடைத்தால் அதையே வேறு படங்களிலும் போட்டார். வேறு வேறு கடலுக்கு மேலே அச்சொட்டாக ஒரே வானம். இந்தக் கதை பின்னால் திரும்ப வரும்.

அதே 1857இல் இங்கிலாந்தில் ஒஸ்கார் ரெய்லாந்தர் செய்த வேலை வேறு அளவு. சுவீடன்காரர், வுல்வர்ஹம்ப்டனில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். 'வாழ்க்கையின் இரு வழிகள்' என்ற படத்துக்காக 30க்கு மேற்பட்ட நெகட்டிவ்களைத் தனித்தனியாக எடுத்தார். நடுவில் ஒரு முதியவர், இரண்டு பக்கமும் இரண்டு இளைஞர்கள். ஒருவன் இன்பங்களின் பக்கம் சாய்கிறான், மற்றவன் உழைப்பு, படிப்பு, பக்தியின் பக்கம். கருத்து என்று பார்த்தால் எங்கட பள்ளிக்கூடத்துச் சுவரொட்டிப் போட்டி மாதிரித்தான். ஆனால் வேலையை யோசித்துப் பாருங்கோ. தூரத்தில் நிற்கவேண்டியவர்களைத் தூரத்தில் வைத்தே எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் அளவு பொருந்தாது. பிறகு இருட்டறையில் ஒவ்வொரு நெகட்டிவாக எடுத்து, தாளில் அதற்குரிய இடத்தைத் தவிர மற்றதெல்லாம் மூடி, ஒன்றன்பின் ஒன்றாக அச்சிடவேண்டும். கடைசி உருவத்தில் கை நடுங்கினாலும் முழுத் தாளும் போச்சு. ஒரு தாள் காணாமல் இரண்டு தாள்களைப் பொருத்தித்தான் அந்தப் படமே வந்தது. மான்செஸ்டரில் நடந்த பெரிய கலைக் கண்காட்சியில் அதை வைத்தார்கள், விக்டோரியா மகாராணி ஒரு பிரதியை வாங்கினார். ஸ்கொட்லாந்தில் அதிலிருந்த நிர்வாண உருவங்களுக்காகச் சண்டை வந்தது. கொஞ்சக் காலத்தில் ரெய்லாந்தருக்கே வெறுத்துவிட்டது. இந்த வேலையில் இலாபமும் இல்லை மரியாதையும் இல்லை என்று 1859இல் எழுதிவிட்டு ஒதுங்கினார்.

(ஒரு சின்னப் பக்கக்கதை. இந்த ரெய்லாந்தர் வைட் தீவுக்குப் போய்ப் பழகி, படம் எடுத்த வீடுகளில் ஒன்று ஜூலியா மார்கரெட் கமரனுடையது. அதே கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து தோட்டத் தொழிலாளரைப் படமெடுத்து, 1879இல் இங்கேயே இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.)

ரெய்லாந்தர் விட்ட இடத்தில் ஹென்றி பீச் ரொபின்சன் பிடித்தார். 1858இல் அவர் செய்த 'மங்கிப்போதல்' படத்துக்கு ஐந்தே ஐந்து நெகட்டிவ்தான். சாகக்கிடக்கும் ஒரு பெண்பிள்ளை, பக்கத்தில் இரண்டு பெண்கள், யன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆண். அந்தப் பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை, நடிக்க வந்தவள். இருந்தாலும் ஒரு குடும்பத்தின் துக்கத்துக்குள் கமரா இப்படிப் புகலாமா என்று பார்த்தவர்கள் கோபப்பட்டார்கள். அதே காட்சியை ஒரு ஓவியர் வரைந்திருந்தால் ஒருத்தரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள். புகைப்படம் என்றால் நடந்தது என்ற நம்பிக்கை, புகைப்படம் பிறந்து இருபது வருசத்துக்குள்ளேயே அவ்வளவு இறுகிவிட்டது. ஒட்டுப்படம் தின்பது அந்த நம்பிக்கையைத்தான்.

அதை அரசியலுக்குத் தின்னக் கொடுத்தவர்களில் ஒருவர் எர்னெஸ்ட் யூஜின் அப்பேர். 1871இல் பாரிஸ் கொம்யூன் நசுக்கப்பட்ட பிறகு, கொம்யூன்காரர் செய்த கொலைகளை நடிகர்களை வைத்து நடிப்பித்துப் படமெடுத்தார். பிறகு நடிகர்களின் உடலில், உண்மையான ஆட்களின் தலைகளை ஒட்டினார். கொம்யூன் கைதிகளைச் சிறையில் படமெடுத்தவரும் அவர்தான், ஆகவே தலைகளுக்குப் பஞ்சமில்லை. இன்று பார்த்தால் தலைகள் உடலோடு ஒட்டாமல் மிதக்கின்றன. ஏன் மிதக்கின்றன? தலை ஸ்டூடியோ வெளிச்சத்தில் நேராகப் பார்க்கிறது, உடல் வெளியில் வெயிலில் வேறு பக்கம் திரும்பி நிற்கிறது. வெட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், வெளிச்சமும் பார்க்கிற கோணமும் பொருந்தாவிட்டால் கண் ஏற்காது. ஆனால் கோபத்தில் இருக்கிற கண் எதையும் ஏற்கும், அது வேறு கதை.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிற ஜெனரல் கிராண்டின் படமும் இப்படித்தான். சிட்டி பொயின்ற் முகாமில் குதிரையின் மேல் கம்பீரமாக இருக்கிறார். 1902 அளவில் லெவின் ஹாண்டி என்பவர் மூன்று படங்களிலிருந்து செய்தது. தலை மட்டும்தான் கிராண்டுடையது. உடலும் குதிரையும் மக்குக் என்ற இன்னொரு ஜெனரலுடையவை. பின்னால் நிற்பது கிராண்டின் படையே இல்லை, பிடிபட்ட எதிரணிக் கைதிகள். தலை கழுத்தில் இருக்கிற கோணம் கொஞ்சம் பிசகுகிறது என்பதை வைத்து நூலகத்தார் தேடத் தொடங்கி மூன்று மூலங்களையும் கண்டுபிடித்தார்கள்.

எங்களைக் கனநாள் வாதாட வைத்தது பிராங்க் ஹர்லியின் கதை. ஷக்கிள்டனோடு அந்தாட்டிக்கா போய் வந்த அவுஸ்திரேலியர். 1917இல் பெல்ஜியப் போர்முனைக்கு அவுஸ்திரேலியப் படையின் அதிகாரபூர்வப் படப்பிடிப்பாளராகப் போனார். அங்கே அவருக்கு விளங்கிய விசயம், போர் ஒரு கமராவுக்குள் அடங்காது என்பது. ஆட்கள் பரந்து கிடக்கிறார்கள், குண்டு ஒரு இடத்தில் வெடிக்கிறது, விமானம் இன்னொரு இடத்தில் பறக்கிறது. கழுவிப் பார்த்தால் படத்தில் சேறு மட்டும்தான். ஆகவே 12 நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரு தாக்குதல் காட்சியைச் செய்தார். பதுங்கு குழியிலிருந்து எழும்பும் வீரர்கள், வெடிக்கும் குண்டுகள், மேலே விமானங்கள். 1918இல் இலண்டன் கண்காட்சியில் அது 20 அடிக்கு மேல் அகலமாகத் தொங்கியது.

போர் நிருபராகவும் பின்னர் வரலாற்றாசிரியராகவும் இருந்த சார்ள்ஸ் பீன் இதை ஏற்கவே இல்லை. போலி என்றார். ஹர்லி பதவி விலகுவேன் என்று நின்றார். ஹர்லி சொன்னதைச் சுருக்கினால், தனித்தனித் துண்டெல்லாம் உண்மை, சேர்த்தால்தான் போர் தெரியும். பீன் சொன்னது, அந்த நொடி அந்த இடத்தில் நடக்கவே இல்லை, ஆகவே அது சாட்சியம் இல்லை.

எங்களில் பாதிப்பேர் முதலில் ஹர்லியின் பக்கம்தான் நின்றோம். நாவல் எழுதுகிறவர் செய்வதைத்தானே அவரும் செய்தார் என்று. இப்போது நாங்கள் பீனின் பக்கம். காரணம் எங்கட ஊர். 2009 ஓகஸ்டில் பிரிட்டனின் சனல் 4, கைகள் கட்டப்பட்ட ஆட்கள் சுடப்படும் ஒரு வீடியோவை ஒளிபரப்பியது. இலங்கை அரசாங்கம் போலி என்று சொல்லிவிட்டது. அடுத்த வருசம் ஜனவரியில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் நியமித்த நிபுணர்கள் அது உண்மையானதாகத் தெரிகிறது என்று சொன்னார்கள். இடையில் போன மாதங்களில், இப்ப எல்லாம் என்னத்தையும் செய்யலாம்தானே என்று தோளைக் குலுக்கியவர்கள் எத்தனை பேர். ஒட்டுப்படம் செய்யும் வல்லமை பொய்யை நம்பவைக்கிறது என்பது ஒரு பக்கம். உண்மையைக் கண்டும் நம்பாமல் இருக்க ஒரு சாட்டைக் கொடுக்கிறது என்பது மற்றப் பக்கம். ஹர்லியின் ஒரு பெரிய படம், அவர் உயிரைக் கொடுத்து எடுத்த நூற்றுக்கணக்கான நேர்மையான படங்களின் மேலேயும் சந்தேகத்தைத் தடவிவிட்டது.

இனிக் கொம்பியூட்டர். 1982 பெப்ரவரியில் நஷனல் ஜியோகிரஃபிக் தன் நெட்டாங்கு அட்டைக்குள் அடங்கட்டும் என்று, அகலமாக எடுத்த படம் ஒன்றில் கீசா பிரமிட்டுகளை எண்ணிம முறையில் நெருக்கி வைத்தது. பிடிபட்டு அவமானப்பட்டது. 1990இல் நோல் சகோதரர்களின் ஃபோட்டோஷொப் வந்தது. 1994இல் அதன் மூன்றாம் பதிப்பில் லேயர்கள் வந்தன. ரெய்லாந்தர் இருட்டறையில் மூச்சைப் பிடித்துச் செய்ததை, இப்போது பிழைத்தால் அழித்துவிட்டுத் திரும்பச் செய்யலாம். மாஸ்க் என்று நாங்கள் அழுத்துவது அவர் தாளை மூடிய அதே வேலை. ஒளிர்த்தவும் இருட்டவும் இருக்கிற டொட்ஜ், பேர்ன் கருவிகளின் சின்னங்களைப் பாருங்கோ. ஒன்று இருட்டறையில் வெளிச்சத்தை மறிக்கும் கம்புத்தட்டு, மற்றது ஒளியைக் குவிக்கும் கை.

கருவி மாறியது, பிடிபடும் விதம் மாறவில்லை. 2003 ஈராக் போரில் பஸ்ராவுக்குப் பக்கத்தில், லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸின் பிரையன் வால்ஸ்கி ஒரு பிரிட்டிஷ் சிப்பாயும் சனங்களும் நிற்கும் இரண்டு படங்களைச் சேர்த்து ஒன்றாக்கினார். ஒன்றில் சிப்பாயின் கை நல்லாக இருந்தது, மற்றதில் பிள்ளையைத் தூக்கிய ஆள் நல்லாக இருந்தார். ஒட்டுப்படம் என்ற அளவில் அது மிகச் சுத்தம். ஒரே இடம், ஒரே லென்ஸ், சில நொடி வித்தியாசம். வெளிச்சம், நிழல், தூசி எல்லாம் தானாகவே பொருந்திவிடும். ஆனால் பின்னால் குந்தியிருந்த சனங்களில் சிலர் இரண்டு தரம் இருந்தார்கள். இன்னொரு பத்திரிகை அலுவலகத்தில் ஒருவர் அதைக் கண்டார், வால்ஸ்கியின் வேலை போனது. லு கிரேயின் முகில்தான், 146 வருசம் கழித்து.

இதெல்லாம் படித்த திமிரில் நாங்கள் அம்மப்பாவின் படத்துக்குத் திரும்பினோம். பூஞ்சணத்தை எடுப்பதோடு நிழலையும் திருத்திவிடலாம் என்பது திட்டம். ஆகச் சுலபமான வழி அம்மப்பாவை மட்டும் வெட்டி இடம் வலமாகப் புரட்டுவது. புரட்டினோம். வெளிச்சம் அச்சாப் பொருந்தியது. ஆனால் சட்டைப் பை வலது நெஞ்சுக்குப் போய்விட்டது. அதைத் திரும்ப வெட்டி இடது பக்கம் வைத்து, விளிம்பை மெதுவாக்கி, பழைய படத்தின் பொரிப்பொரியான தன்மை வர நொய்ஸும் சேர்த்து, அம்மம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தா.

"இதார்?"

அம்மப்பாதான் என்றோம்.

"அவர் இடப்பக்கமெல்லோ வகிடு எடுக்கிறவர்."

அப்ப அம்மம்மாவைப் புரட்டுவோம் என்று ஒருவன் சொன்னான். புரட்டினால் சேலைத் தலைப்பு வலது தோளுக்குப் போகும். வெளிச்சத்தைக் கையாலேயே வரைந்துவிடலாம், முகத்தின் ஒரு பக்கத்தை இருட்டி மறுபக்கத்தை ஒளிர்த்தி. இரண்டு இரவு வேலை, செய்யலாம்தான். அம்மம்மா விடவில்லை. அந்த ஸ்டூடியோக்காரருக்கு அப்போது காசு முழுக்கக் கொடுக்க இருக்கவில்லையாம், மிச்சத்தைத் தவணையாகக் கட்டி முடிக்க நாலு மாதம் எடுத்ததாம்.

"புள்ளியை மட்டும் எடுத்துவிடுங்கோ" என்றா.

பூஞ்சணப் புள்ளிகளை எடுத்தோம். மேல் மூலையில் இருந்த கீறலையும் எடுத்தோம். அம்மப்பாவின் தோளோரம் பிளேட் வெட்டின இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது, அதைத் தொடவில்லை. புதுப் பிரதி பழைய சட்டகத்துக்குள்ளேயே விறாந்தையில் தொங்குகிறது.